லினக்ஸ் போட்டாச்சு, பிரவுசர் எதைப் போட?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை அதற்காகத் தூக்கிப் போட மனம் வராமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று இந்த மாதக் கடிதங்களைப் பார்த்ததும்தான் தெரிந்தது. மாறியதும் எல்லோருக்கும் வருகிற அடுத்த கேள்வி பிரவுசர் பற்றியதாக இருப்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணாச்சி, என் மருமகன் வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். "லினக்ஸ்ல எல்லாம் பத்திரம் மாமா, கவலைப்படாதீங்க" என்றார். போன வாரம் குற்றாலத்தில் ரூம் தேடினேன். இப்போது செய்தி படிக்கப் போனாலும் ரசப்பொடி பக்குவம் பார்க்கப் போனாலும் குற்றாலம் லாட்ஜ் விளம்பரமே வருகிறது. எந்த பிரவுசர் போட்டால் இது நிற்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: மருமகன் சொன்னதில் தப்பில்லை சார், ஆனால் அது கம்ப்யூட்டர் என்ற வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிய பேச்சு. நீங்கள் ரூம் தேடியது பிரவுசரில். அடியில் ஓடுவது லினக்ஸா விண்டோஸா என்று பார்த்துக்கொண்டு விளம்பரக் கம்பெனிகள் ஆளை விடுவதில்லை, இரண்டிலும் குக்கியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மோன்டுல்லி என்பவர் குக்கியைக் கொண்டு வந்தது நல்ல காரணத்துக்குத்தான். கடைப் பக்கத்தில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனதும் மறந்துபோகாமல் இருக்க ஒரு துண்டுச்சீட்டு மாதிரி. அந்தச் சீட்டை லாட்ஜ் தளமே கொடுத்தால் பரவாயில்லை. லாட்ஜ் தளத்துக்குள் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆள் கொடுக்கிறார், அதே ஆள் நீங்கள் அடுத்துப் போகிற செய்தித் தளத்திலும் சமையல் தளத்திலும் உட்கார்ந்திருக்கிறார், உங்கள் சீட்டைப் பார்த்ததும் 'குற்றாலத்துக்கு ரூம் கேட்டவர்லா இவர்' என்று கண்டுகொள்கிறார். இந்த மூன்றாம் ஆள் குக்கியை ஒழிக்கப் போவதாக 2020-ல் கூகுள் சொன்னது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோம் பிரவுசரைக் கொடுக்கும் கம்பெனிக்கு வருமானமே விளம்பரத்தில்தான் என்னும்போது வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? குரோம் வேகமானது, பாதுகாப்புக் கோளாறுகளை உடனுக்குடன் சரி செய்கிறார்கள், அதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்தரங்கம் வேண்டும் என்று லினக்ஸுக்கு வந்தவர் அதில் முதல் வேலையாகக் குரோமை இறக்கிப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

உங்களுக்குப் புதிதாக எதுவும் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. மின்ட்டில் ஏற்கெனவே பயர்பாக்ஸ் இருக்கிறது. 2022-லிருந்து பயர்பாக்ஸில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வைக்கும் ஏற்பாடு தானாகவே வேலை செய்கிறது, லாட்ஜ் தளத்தில் கொடுத்த சீட்டைச் சமையல் தளத்தில் உட்கார்ந்திருப்பவரால் எடுத்துப் பார்க்க முடியாது. அதோடு ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து நான்கு காரியம் செய்துவிடுங்கள். வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோட்டை அமுக்கி செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் ஸ்டாண்டர்ட் என்று இருப்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். அதே பகுதியில் கீழே வந்தால் பயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லாவுக்குத் தகவல் அனுப்பும் டிக் சில இருக்கும், அவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். தேடுபொறியைக் கூகுளிலிருந்து டக்டக்கோ-வுக்கோ ஸ்டார்ட்பேஜுக்கோ மாற்றுங்கள். கடைசியாக, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) பகுதிக்குப் போய், விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கும் 'யுபிளாக் ஆரிஜின்' என்பதைத் தேடிப் போடுங்கள். இது ரேமண்ட் ஹில் என்ற ஒரு மனிதர் இலவசமாக எழுதி, நன்கொடைகூட வாங்காமல் பராமரித்து வருவது. பெயரில் ஆரிஜின் இல்லாமல் வெறும் யுபிளாக் என்று இருப்பது வேறு ஆட்கள் கைக்குப் போய்விட்ட சரக்கு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

ஏதாவது ஒரு தளம் ஸ்ட்ரிக்ட் போட்ட பிறகு ஓடாமல் மல்லுக்கு நின்றால், மேலே முகவரிக் கட்டத்தின் இடது பக்கம் ஒரு கேடயப் படம் இருக்கிறதல்லவா, அதை அமுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்திக்கொள்ளலாம். மொத்தமாக ஸ்டாண்டர்டுக்குத் திரும்ப வேண்டாம்.

இன்னொன்று சார், இதுதான் ரொம்பப் பேர் கோட்டை விடும் இடம். இத்தனையும் செய்துவிட்டு கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்தபடியே கூகுளில் ரூம் தேடினால், குக்கியை மூடி வைத்துப் பிரயோஜனம் இல்லை. நம் பெயரைச் சொல்லிக்கொண்டே கேட்கிறோம், அவர்கள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மெயில் பார்த்து முடித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: குரோமியம் ஓப்பன் சோர்ஸ்தானே, லினக்ஸ்காரர்கள் எல்லாம் போடுகிறார்கள். அது போதாதா?
– களக்காடு வாசகர்

பதில்: குரோமைவிட மேல். கூகுள் 2008-ல் குரோமை வெளியிட்டபோதே அதன் மூல நிரலைக் குரோமியம் என்ற பெயரில் திறந்து வைத்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் திறந்த நிரல் என்பது ஒன்று, கூகுளோடு பேசாமல் இருப்பது இன்னொன்று. குரோமியமும் சில காரியங்களுக்குக் கூகுளைத் தொடர்புகொள்கிறது. யார் கையில் கடிவாளம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2021 மார்ச் 15-ஆம் தேதி, லினக்ஸ்காரர்கள் தாங்களே கட்டிக் கொடுத்த குரோமியத்தில் புக்மார்க், பாஸ்வேர்ட் ஒத்திசைவு வசதியைக் கூகுள் தன் பக்கத்திலிருந்து துண்டித்தது. நிரல் நம் கையில் இருந்தும் வசதி போய்விட்டது. அப்புறம், முன் பதிலில் சொன்ன யுபிளாக் ஆரிஜின் கூகுளின் புதிய எக்ஸ்டென்ஷன் விதிகளால் 2024, 2025-ல் குரோமில் படிப்படியாக முடக்கப்பட்டது. பழைய முறையில் பக்கத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் தானே பார்த்து விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். புதிய முறையில் ஒரு பட்டியலைப் பிரவுசர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். 'லைட்' என்று ஒரு குறைந்த வடிவம் இருக்கிறது, முழு வலு அதற்கு இல்லை. பயர்பாக்ஸில் பழையபடியே ஓடுகிறது. எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: எல்லோரும் பயர்பாக்ஸ் பயர்பாக்ஸ் என்கிறீர்கள், அவர்களும் கூகுள் கொடுக்கிற காசில்தானே ஓடுகிறார்கள்? 2025-ல் 'உங்கள் தகவலை விற்க மாட்டோம்' என்ற வரியையே எடுத்துவிட்டார்கள். பிரேவ்தான் நல்லது என்று என் ஃப்ரெண்ட்ஸ் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய், ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, பயர்பாக்ஸில் கூகுளை முதல் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தருவதுதான். அதனால்தான் தேடுபொறியை மாற்றச் சொன்னேன். 2024 ஜூலையில் வந்த பயர்பாக்ஸ் 128-ல், விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்து வாங்கினார்கள் என்று அளக்கும் ஒரு சோதனை வசதியை யாரையும் கேட்காமல் டிக் போட்டே அனுப்பினார்கள். ஆளை அடையாளம் காட்டாத முறையில்தான் அளக்கிறோம் என்றார்கள். இருக்கட்டும், கேட்டுவிட்டல்லவா செய்திருக்க வேண்டும்? 2025 பிப்ரவரியில் நீ சொன்ன அந்த விவகாரம் நடந்தது. விற்பனை என்பதற்குச் சில இடங்களில் சட்டம் கொடுக்கும் அர்த்தம் ரொம்ப அகலமாக இருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள், எதிர்ப்பு வந்ததும் நிபந்தனையின் வாசகத்தைத் திருத்தினார்கள். இந்த இரண்டிலும் மொசில்லா மீது எனக்கு வருத்தம் உண்டு.

பிரேவ் எப்படி? ஆரம்பித்தவர்களில் ஒருவர் ப்ரெண்டன் ஐக், 1995-ல் ஜாவாஸ்கிரிப்டை எழுதியவர், மொசில்லாவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். இறக்கிப் போட்ட நிமிஷத்திலிருந்து விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கிறது, நீ எதையும் மாற்ற வேண்டாம். தடுப்பான் பிரவுசருக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் கூகுளின் எக்ஸ்டென்ஷன் விதி அதைத் தொடாது. இந்த இரண்டும் பெரிய விஷயம். ஆனால் அவர்களுக்கும் ஒரு கறை உண்டு. 2020 ஜூனில், முகவரிக் கட்டத்தில் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியை அடித்தால் பிரேவ் தன் கமிஷன் குறியீட்டைப் பின்னால் சேர்த்துவிட்டதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார்கள்.

ஆக இருவரும் தடுமாறியிருக்கிறார்கள். இருவரும் மாட்டிக்கொண்டது எப்படி என்று பார், இரண்டிலும் நிரல் திறந்திருந்தது, உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. எதைப் போடுவது என்று என்னைக் கேட்டால் இன்றும் பயர்பாக்ஸ்தான், அதற்குக் காரணம் வேறு. குரோம், பிரேவ், எட்ஜ், ஓபரா, விவால்டி எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்து பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் இன்ஜின் கூகுளுடையது. அதைச் சாராமல் லினக்ஸில் முழு வலுவோடு நிற்பது பயர்பாக்ஸின் கெக்கோ இன்ஜின். அதுவும் போய்விட்டால் வலைத்தளம் எப்படி இயங்க வேண்டும் என்று ஒரே கம்பெனி முடிவு செய்யும் நாள் வந்துவிடும் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. உனக்குப் பிரேவ் பிடித்திருந்தால் போடு, அதிலுள்ள கிரிப்டோ சம்பந்தமான ரிவார்ட்ஸ், வாலட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பயன்படுத்து. குரோமுக்கு மட்டும் போகாதே.

கேள்வி: லிப்ரவுல்ஃப் போட்டேன். மெயிலில் எல்லா நேரமும் தப்பாகக் காட்டுகிறது. காலை பத்தரைக்கு வந்த மெயிலுக்கு ஐந்து மணி என்கிறது! கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. மூடித் திறந்தால் எல்லாக் கணக்கிலும் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது. மகள் விண்ணப்பத்துக்கு போட்டோ ஏற்றினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ண வண்ணக் கோடு. வைரஸா?
– சேரன்மகாதேவி வாசகர்

பதில்: வைரஸ் இல்லை, மூன்றும் அது உங்களைக் காப்பாற்றப் பார்க்கிற வேலை.

லிப்ரவுல்ஃப் என்பது பயர்பாக்ஸை எடுத்து, மொசில்லாவுக்குத் தகவல் அனுப்பும் பகுதிகளை நீக்கி, யுபிளாக் ஆரிஜினைச் சேர்த்து, எல்லாத் திருகாணியையும் இறுக்கி முறுக்கித் தன்னார்வலர்கள் கொடுப்பது. நீங்கள் எந்த ஊர் என்று நேர மண்டலத்தை வைத்து எந்தத் தளமும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக உலகப் பொது நேரத்தைச் சொல்லிவிடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், பத்தரையில் ஐந்தரையைக் கழித்துப் பாருங்கள், ஐந்து வருகிறதா? மூடும்போது குக்கிகளைக் கழுவி ஊற்றிவிடுகிறது, அதனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. போட்டோ விவகாரம் கொஞ்சம் நுணுக்கம். ஒரு தளம் உங்கள் படத்தைச் சின்னதாக்க, பிரவுசருக்குள் கேன்வாஸ் என்ற ஒரு வெற்றுப் பலகையில் வரைந்து பிறகு அதைத் திரும்ப வாசிக்கும். ஆனால் இதே பலகையில் நாலு எழுத்தை வரைய வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதை வரைகிற விதத்தில் இருக்கும் மயிரிழை வித்தியாசத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிற தந்திரமும் உண்டு. எது எதற்காக வாசிக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது. அதனால் யார் வாசித்தாலும் கன்னாபின்னாவென்று எதையோ கொடுத்துவிடுகிறது. உங்கள் மகள் முகம் கோடு கோடாக ஆனது இப்படித்தான். முகவரிக் கட்டத்தில் அந்த நேரம் ஒரு சின்னப் படம் தோன்றும், அதை அமுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போட்டோ சரியாக ஏறும்.

அப்படி ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துக்கொண்டு இருப்பதைவிட நான் செய்வதைச் சொல்கிறேன். என் கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர் இருக்கிறது. பேங்க், மின்கட்டணம், விண்ணப்பம், மெயில், அதாவது என் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டிய காரியம் எல்லாம் பயர்பாக்ஸில். படிப்பது, தேடுவது, மருந்து விவரம் பார்ப்பது, யாருக்கும் பெயர் சொல்ல அவசியமில்லாதது எல்லாம் லிப்ரவுல்ஃபில். ஒன்றின் குக்கி மற்றதற்குத் தெரியாது. பழக ஒரு வாரம் ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள், லினக்ஸில் லிப்ரவுல்ஃப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவமாகப் போட்டிருந்தால் அப்டேட் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். எங்கேயோ ஒரு ஃபைலை இறக்கி அப்படியே ஓட்டுகிறீர்கள் என்றால் பழைய ஓட்டைகளோடு ஓடுகிறீர்கள்.

கேள்வி: நான் நாங்குநேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போட நிறைய பேர் வருவார்கள். லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். அவர்கள் விவரம் கம்ப்யூட்டரில் தங்காமல் இருக்க எந்த பிரவுசர்?
– நாங்குநேரி வாசகர்

பதில்: இப்படி ஒரு கேள்வியை ஒரு கடைக்காரர் கேட்டு எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சில வருஷம் முன் என் அக்கா மகளுக்கு ஒரு வேலை விண்ணப்பம் போட டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். தகப்பனார் பெயர் கட்டத்தில் 'மு' வரும் எழுத்தை அடித்ததுதான் தாமதம், கீழே ஒரு பட்டியல் இறங்கியது. முந்தி வந்து போனவர்களின் அப்பாக்கள் பெயர் எல்லாம் வரிசையாக. போன் நம்பர் கட்டத்தில் ஒரு 9 அடித்தால் இருபது நம்பர். பிறந்த தேதி, மெயில் முகவரி எல்லாம் அப்படியே. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரார் ஆதார் கார்டு அத்தனையும் பிடிஎஃப்-ஆகக் கிடந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அது அங்கே சேர்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அன்று அக்கா மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது, அவளுடையதும் அதோடு சேரத்தானே போகிறது.

பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் ஹிஸ்டரி பகுதியில் 'நெவர் ரிமெம்பர் ஹிஸ்டரி' என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதன்பிறகு திறக்கிற ஒவ்வொரு ஜன்னலும் பிரைவேட் ஜன்னலாகவே இருக்கும், கட்டத்தில் அடித்தது எதுவும் நினைவில் நிற்காது. பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா என்று கேட்பதையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆள் வேலை முடிந்ததும் எல்லா ஜன்னலையும் மூட வேண்டும், ஒரு ஜன்னல் திறந்திருந்தாலும் பழைய லாகின் உயிரோடு இருக்கும்.

இறக்கிய ஃபைலை இது தானாக அழித்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். அதற்கு மின்ட்டில் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெனுவில் லாகின் விண்டோ என்பதைத் திறந்து, யூசர்ஸ் பகுதியில் கெஸ்ட் செஷனை அனுமதியுங்கள். வருகிறவர்களுக்கு அந்த கெஸ்ட் கணக்கைத் திறந்து வேலை பாருங்கள், லாக் அவுட் செய்ததும் அந்தக் கணக்கில் இருந்த குக்கி, போட்டோ, ஆதார் பிடிஎஃப் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். பிரின்டர் அதிலிருந்து வேலை செய்கிறதா என்று ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரம் சோதித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கு அனுப்பிப் பிரின்ட் எடுப்பவர்களின் ஃபைல் உங்கள் போனிலும் தங்கும், ராத்திரி கடை சாத்துமுன் அதையும் துடைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் சும்மா டெலிட் அடித்தால் குப்பைக் கூடையில் கிடக்கும், ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு டெலிட் அடியுங்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டரை முழுக்கத் தமிழில் வைத்திருக்கிறேன், ஏகப்பட்ட தமிழ் ஃபான்ட் போட்டிருக்கிறேன். இதை வைத்தே என்னை அடையாளம் கண்டுவிடலாம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: உண்மைதான். குக்கியே இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கும் இந்த முறைக்குக் கைரேகை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிரவுசர் ஒவ்வொரு தளத்திடமும் எந்த மொழிப் பக்கம் வேண்டும், எந்த இயங்குதளம் என்று சொல்லிவிடுகிறது. திரை அளவு, ஃபான்ட் பட்டியல் எல்லாவற்றையும் தளங்கள் துருவித் துருவி எடுத்துக்கொள்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அதில் எதுவும் ரகசியம் இல்லை, சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தனியாகத் தெரிவார். அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் சோதித்தபோது, வந்த பிரவுசர்களில் நூற்றுக்கு 83.6 அந்தக் கூட்டத்திலேயே தனியொன்றாக இருந்தன. அதே சோதனை இன்று 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியுமா? ஊதா நிறக் கோட்டு போட்டு நின்றால் மாடியிலிருந்து பார்ப்பவனுக்குக்கூடத் தெரியும். உலகத்தில் டெஸ்க்டாப் லினக்ஸ்காரர்களே சொற்பம், அதில் தமிழை முதல் மொழியாக வைத்தவர்கள் இன்னும் சொற்பம். நாம் ஊதாக் கோட்டு. இதில் வேடிக்கை கேட்டால், அந்தரங்கத்துக்கென்று பத்து எக்ஸ்டென்ஷன் ஏற்றிக்கொள்கிறவரும் அதே ஊதாக் கோட்டைத்தான் மாட்டிக்கொள்கிறார், அவரைப் போல ஏற்றியவர் வேறு யாரும் இருக்க மாட்டார். அதனால் யுபிளாக் ஆரிஜின் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்காகத் தமிழை எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டரைத் தமிழில் வைப்பவர்கள் கூடினால் நம் கோட்டும் ஊருக்குள் சாதாரணம் ஆகும். ஆள் தெரியவே கூடாத ஒரு காரியம் வந்தால் அதற்கு மட்டும் முல்வாட் பிரவுசரைத் திறந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் டார் திட்டத்தினர் (ஆளை மறைக்கும் டார் பிரவுசரைச் செய்பவர்கள்) செய்து கொடுத்தது, அதைப் போட்ட எல்லோரும் வெளியே ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டும், ஜன்னல் அளவை இழுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் தெரு கேபிள்காரரிடம்தான் இன்டர்நெட் எடுத்திருக்கிறேன். பிரைவேட் ஜன்னலில் பார்த்தால் அவருக்குத் தெரியாதுதானே?
– வள்ளியூர் வாசகர்

பதில்: தெரியும். பிரைவேட் ஜன்னல் உங்கள் கம்ப்யூட்டரில் தடம் வைக்காது, அவ்வளவே. வெளியே போகிற வழி அதே வயர்தான். இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது, குரோமின் இன்காக்னிட்டோ பற்றி 2020-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள், 2024-ல் கூகுள் சமாதானத்துக்கு வந்து கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. உங்கள் கேபிள்காரரின் லைனில் பூட்டுப் போட்ட (முகவரி https என்று தொடங்கும்) தளம் என்றால் தளத்தின் பெயர் தெரியும், அதில் எந்தப் பக்கம், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' என்பதை நீங்களாகவே போட்டுக்கொண்டால் 'இந்தப் பெயருள்ள தளம் எங்கே இருக்கிறது' என்று பிரவுசர் கேட்கும் கேள்வியும் பூட்டிய உறைக்குள் போகும். முழுக்க மறைந்துவிடாது, பல தளங்களில் இணைப்பு தொடங்கும் நேரம் பெயர் இன்னும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் கேள்வி இப்போது வேறொரு கம்பெனிக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கேள்வி: வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். எனக்கு உடம்புக்கு ஒரு தொந்தரவு, அதைப் பற்றிப் படித்தேன். அடுத்த நாள் தம்பி உட்கார்ந்தபோது அதே சம்பந்தமான விளம்பரமும் தேடல் வரியும் வந்து எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

பதில்: தங்கச்சி, இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை, உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. இதற்குப் பிரவுசரைவிட லினக்ஸிலேயே நல்ல வழி இருக்கிறது. நான்கு பேருக்கும் நான்கு யூசர் கணக்கு போட்டு ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள். லினக்ஸில் பிரவுசரின் ஹிஸ்டரி, குக்கி, பாஸ்வேர்ட் எல்லாம் அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும், தம்பி அவர் கணக்கில் உட்கார்ந்தால் அவர் பயர்பாக்ஸ் மட்டுமே திறக்கும். மின்ட்டில் மெனுவில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் போனால் ஐந்து நிமிஷ வேலை. கணக்கு உருவாக்கும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும், அந்த உரிமை உள்ளவர் நினைத்தால் மற்றவர் ஃபோல்டரையும் பார்க்க முடியும், ஆகவே அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். கூகுள் கணக்கு வீட்டுக்கே ஒன்று என்று இருந்தால் அதையும் பிரியுங்கள், தேடல் வரி அந்தக் கணக்கு வழியாகவும் வந்திருக்கும்.

கேள்வி: பழைய 32-பிட் லேப்டாப், 2 ஜிபி ராம். லேசான பிரவுசர் ஏதாவது?
– முக்கூடல் வாசகர்

பதில்: பயர்பாக்ஸ் 144-தான் 32-பிட் லினக்ஸுக்கு வந்த கடைசிப் பதிப்பு. 140 இஎஸ்ஆர் என்ற நீண்ட கால வடிவத்துக்கு 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மொசில்லா சொல்லியிருக்கிறது, அதில் யுபிளாக் ஆரிஜினைப் போட்டு நாலைந்து டேப்புக்கு மேல் திறக்காமல் ஓட்டுங்கள். விளம்பரம் இறங்காவிட்டாலே பாதி பாரம் குறையும். லேசானது என்று பெயர் தெரியாத பிரவுசர்களைத் தேடிப் போகாதீர்கள், ஓட்டையை அடைக்க ஆள் இல்லாத பிரவுசரில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து. சிபியு 64-பிட் தாங்குமா என்று முதலில் பாருங்கள், அந்தக் காலத்து லேப்டாப் நிறையவற்றில் தாங்கும், போட்டது மட்டும் 32-பிட்டாக இருக்கும்.

கேள்வி: பத்திரிகைத் துறையில் படிக்கிறேன். டார் பிரவுசர் போட்டால் போலீஸ் தேடி வருமா? பேங்க் வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?
– மாணவி, திருநெல்வேலி டவுன்

பதில்: டாரைப் பயன்படுத்துவதே குற்றம் என்று இந்தியாவில் சட்டம் கிடையாது. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பத்திரிகைக்காரர்களுக்கும், தகவல் கொடுக்கிறவர்களைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும் இதைப்போல ஒரு கருவி வேறு இல்லை. 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது, இப்போது லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்பு நடத்துகிறது. நீங்கள் கேட்கும் பக்கம் மூன்று கம்ப்யூட்டர்களைத் தாண்டிப் போகும். முதலாவதற்கு உங்களைத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. நீங்கள் டார் போடுகிறீர்கள் என்பது மட்டும் இன்டர்நெட் கொடுப்பவருக்குத் தெரியும்.

பேங்குக்கு வேண்டவே வேண்டாம். பேங்கில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் நுழைகிறீர்கள், மறைக்க என்ன இருக்கிறது? ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைகிறார் என்று நினைத்து கணக்கை முடக்கிவிடுவார்கள், அப்புறம் கிளைக்கு நடக்க வேண்டும். அது பயர்பாக்ஸிலேயே இருக்கட்டும்.

மின்ட்டிலும் உபுன்டுவிலும் டார்பிரவுசர்-லாஞ்சர் என்று ஒன்று கிடைக்கும், அது டார் திட்டத்தின் இடத்திலிருந்து சரியான பிரதியை இறக்கி, போலி இல்லை என்பதைக் காட்டும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து வைக்கும். வேறு யாரோ கொடுக்கிற பென் டிரைவிலிருந்து போட வேண்டாம். உள்ளே எந்த எக்ஸ்டென்ஷனும் சேர்க்காதீர்கள், ஜன்னலை இழுத்துப் பெரிதாக்காமல் வந்தபடியே விட்டுவிடுங்கள், அதில் இறக்கிய ஆவணத்தை இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். ஆவணத்துக்குள் ஒரு படம் வெளியிலிருந்து வர வேண்டும் என்று எழுதியிருந்தால் அது டாரைச் சுற்றிக்கொண்டு நேராக உங்கள் வீட்டு லைனிலிருந்தே போய்க் கேட்டுவிடும்.